ஏயூஆர் தொகுப்புக்கு வில்லங்கம் பார்ப்பது எப்படி?

மனை வாங்கப் போகிறவர் விற்பவரின் முகத்தைப் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. மூலப்பத்திரம் எங்கே, பட்டா யார் பேரில், வில்லங்கத்தில் என்ன வருகிறது என்று மூன்று தடவை கேட்பார். அதே மனுஷர் ராத்திரி கணினி முன்னால் உட்கார்ந்ததும், ஊர் பேர் தெரியாத ஒருவர் எழுதிய ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பை) என்டர் தட்டி ஓடவிட்டு, கேட்ட இடத்தில் முழு அதிகாரம் தரும் சுடோ பாஸ்வேர்டும் கொடுத்துவிடுவார். ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். முதல் வருஷம் முழுக்க நானும் அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தேன்.

ஆர்ச்சின் அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் இருப்பவை, அதன் பராமரிப்பாளர்கள் தாங்களே கட்டி, டிஜிட்டல் கையொப்பம் போட்டு வைத்த மென்பொருள் தொகுப்புகள். ஏயூஆர் என்கிற பயனர் களஞ்சியம் வேறு சமாச்சாரம். அங்கே தயாரான தொகுப்பு ஒன்றுகூடக் கிடையாது. பிகேஜிபில்ட் என்ற ஸ்கிரிப்ட் மட்டும்தான் இருக்கும்: மூலநிரலை எங்கிருந்து இறக்குவது, எப்படிக் கட்டுவது, எந்தக் கோப்பை எங்கே வைப்பது என்று சொல்லும், பாஷ் என்ற கட்டளை மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட். அதை உங்கள் கணினியில் ஓட்டித் தொகுப்பாக்குவது மேக்பிகேஜி. அந்தத் தொகுப்பை நிறுவுவது பேக்மேன். கணக்கு தொடங்கிய எவரும் ஏயூஆரில் ஸ்கிரிப்ட் ஏற்றலாம். ஏற்றுவதற்கு முன் யாரும் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. உங்கள் பொறுப்பில் பயன்படுத்துங்கள் என்று அந்தத் தளமே எழுதிவைத்திருக்கிறது.

ஆக, ஓட்டும் முன் அதை நாமேதான் படித்துப் பார்க்க வேண்டும். இதற்காக நிரலாளராக வேண்டிய அவசியம் இல்லை. பெரும்பாலான பிகேஜிபில்ட்கள் ஐம்பது வரியைத் தாண்டாது. ஒவ்வொரு வரியிலும் இரண்டே கேள்வி கேளுங்கள். இது எங்கிருந்து வருகிறது? இது யாருடைய அதிகாரத்தில் ஓடுகிறது? இனி வருவதெல்லாம் இந்த இரண்டு கேள்விக்கும் பதில் எங்கே கிடைக்கும் என்பதுதான்.

முதலில் பக்கத்தைப் பாருங்கள்

ஸ்கிரிப்டைத் திறக்கும் முன், ஏயூஆரில் அந்தத் தொகுப்பின் பக்கத்தில் ஒரு நிமிடம் செலவழியுங்கள். முதலில் ஏற்றிய தேதி, கடைசியாக மாற்றிய தேதி, இப்போது பராமரிப்பவர் யார், அவர் வேறு என்னென்ன வைத்திருக்கிறார் என்பதெல்லாம் அங்கே இருக்கும். நேற்று தொடங்கிய கணக்கு, நேற்று ஏற்றிய மூன்று தொகுப்புகள், மூன்றுக்கும் பிரபலமான பிரவுசர்களின் பெயர் என்றால் நகர்ந்துவிடுங்கள்.

2025 ஜூலை 16-இல் நடந்தது அச்சு அசலாக அதுதான். லிப்ரேவுல்ஃப், ஃபயர்ஃபாக்ஸ், ஸென் ஆகிய பிரவுசர்களின் பெயரோடு ‘ஃபிக்ஸ்’, ‘பேட்ச்’ என்ற வால்களை ஒட்டி மூன்று தொகுப்புகள் ஏறின. உள்ளே இருந்தது கேயாஸ் என்ற தொலைக்கட்டுப்பாட்டு நச்சுநிரல். ஜூலை 18-இல் அவை நீக்கப்பட்டன. இரண்டு நாள் போதுமே. ஏதோ கோளாறைச் சரிசெய்த பதிப்பு என்று பெயரே சொல்லும்போது கை தானாக நீளும். எந்தக் கோளாறு, மூல மென்பொருளை எழுதியவர்களே அதை ஏன் சரிசெய்யவில்லை என்று அந்த இடத்தில் கேட்க வேண்டும்.

பழைய தொகுப்பு, நிறைய வாக்கு என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. ஏயூஆரில் பராமரிப்பாளர் கைவிட்ட தொகுப்பு அநாதை ஆகிவிடும். கணக்கு வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் அதைத் தத்தெடுக்கலாம். பல வருஷம் சேர்ந்த வாக்குகளும் நல்ல பேரும் புதியவருக்குச் சீதனமாகப் போய்ச் சேரும். 2018 ஜூலையில் அக்ரோரீட் என்ற பிடிஎஃப் வாசிப்பான் தொகுப்புக்கு இதுதான் நேர்ந்தது. தத்தெடுத்தவர் ஒரு வரியைச் செருகினார். அது வெளியே ஒரு பேஸ்ட் தளத்திலிருந்து ஸ்கிரிப்டை இறக்கி ஓட்டியது. அந்த ஸ்கிரிப்ட் இன்னொன்றை இறக்கி, 360 வினாடிக்கு ஒருமுறை ஓடும்படி சிஸ்டம்டியில் (பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் அமைப்பில்) டைமர் வைத்தது. அன்றே கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள். ஆனால் அதுவரை கதவு திறந்துதான் கிடந்தது.

ஓட்டாமல் எடுங்கள்

கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவியில் க்ளோன் (நகலெடுக்கும் கட்டளை) போட்டு ஸ்கிரிப்டை ஒரு கோப்புறைக்குள் கொண்டுவாருங்கள். 2015-இலிருந்து ஏயூஆரில் ஒவ்வொரு தொகுப்பும் தனி கிட் களஞ்சியம். க்ளோன் செய்வதால் எதுவும் ஓடாது. அடுத்து, சாதாரண எடிட்டரில் திறந்து படியுங்கள். யே, பரு போன்ற உதவிக் கருவிகளைப் பயன்படுத்துகிறவர்கள், அவை ஸ்கிரிப்டைக் காட்டும் இடத்தில் எண் தட்டி அவசரமாகக் கடந்துபோகாமல் இருந்தாலே போதும்.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. ‘கட்டமாட்டேன், மூலநிரலை மட்டும் இறக்கிப் பார்க்கிறேன்’ என்று மேக்பிகேஜியை அழைப்பார்கள். பிகேஜிபில்ட் என்பது தகவல் பட்டியல் அல்ல, முழு பாஷ் நிரல். அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே மேக்பிகேஜி அதை ஓட்டித்தான் ஆக வேண்டும். ஃபங்ஷன்களுக்கு (பெயரிட்டுப் பிரித்து வைத்த கட்டளைத் தொகுதிகளுக்கு) வெளியே ஒரு கட்டளை இருந்தால், இறக்கினாலும் சரி, பதிப்பெண்ணைக் கேட்டாலும் சரி, அது ஓடிவிடும். எனவே ஃபங்ஷன்களுக்கு வெளியே மாறிகளுக்கு மதிப்பு கொடுக்கும் வரிகள்தான் இருக்க வேண்டும். டாலர் குறியும் அடைப்புக்குறியும் சேர்ந்து உள்ளே ஒரு கட்டளையை வைத்திருந்தால், அது என்ன என்று புரியும்வரை அடுத்த வரிக்குப் போகாதீர்கள்.

கூடவே ‘எஸ்ஆர்சிஇன்ஃபோ’ என்ற கோப்பும் வரும். தளத்தின் பக்கத்தில் நீங்கள் பார்க்கும் சார்புகள் (இதற்குத் தேவைப்படும் மற்ற மென்பொருள்கள்), மூல முகவரிகள் எல்லாம் இந்தக் கோப்பிலிருந்துதான் வருகின்றன. ஏயூஆர் சர்வர் பிகேஜிபில்டை ஓட்டிப் பார்ப்பதில்லை. ஆக, பக்கத்தில் காட்டும் முகவரி ஒன்றாகவும் ஸ்கிரிப்டில் இருப்பது வேறாகவும் இருக்க வழி உண்டு. படிக்க வேண்டியது ஸ்கிரிப்டை.

சோர்ஸ் வரி: இங்கே நிதானம்

நேரம் குறைவு, ஒரே இடத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் சோர்ஸ் என்ற பட்டியலைத்தான் பார்ப்பேன். எதையெல்லாம் எங்கிருந்து இறக்கப்போகிறது என்பது அங்கே இருக்கிறது.

ஒவ்வொரு முகவரியையும் மூல மென்பொருளின் அதிகாரபூர்வத் தளத்தோடு ஒப்பிடுங்கள். ஏயூஆர் பக்கத்தில் கொடுத்த இணைப்பைச் சொடுக்கிப் போகாதீர்கள். அதையும் அதே ஆள்தான் எழுதியிருப்பார். நீங்களாகத் தேடிப் போங்கள். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தின் முகவரியாக இருந்தால் எந்தக் கணக்கு என்று பாருங்கள். கிட்ஹப்பில் இருக்கிறது என்பதே நற்சான்று ஆகிவிடாது. ஒரு எழுத்து கூடியோ குறைந்தோ, ‘எல்’ இருக்க வேண்டிய இடத்தில் 1 என்றோ இருக்கலாம். முகவரியைத் துண்டு துண்டாக மாறிகளில் பிரித்துப் போட்டிருப்பதும் சகஜம். பதிப்பெண்ணை மாறியாக வைப்பது நல்ல வழக்கமும்கூட. ஆனால் டொமைன் பெயரையே மாறிக்குள் ஒளித்து வைத்திருந்தால், ஒரு தாளில் முழு முகவரியையும் எழுதிப் பாருங்கள்.

இன்னொரு நுணுக்கம். சோர்ஸ் பட்டியலில் ஒரு பெயர், இரட்டை முக்காற்புள்ளி, பிறகு முகவரி என்று எழுதலாம். முன்னால் இருப்பது இறக்கிய கோப்புக்கு உங்கள் கணினியில் வைக்கும் பெயர் மட்டும்தான். 2025 சம்பவத்தில் முன்னால் இருந்த பெயர் ‘பேட்சஸ்’. பின்னால் இருந்தது தாக்கியவரின் சொந்த கிட்ஹப் களஞ்சியம். மேலோட்டமாகப் பார்த்த கண்ணுக்கு, ஏதோ சின்னத் திருத்தங்கள் என்று பட்டிருக்கும். கடையின் போர்டைப் பார்த்துச் சரக்கை நம்பிய கதை.

இனி செக்சம், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள மதிப்பு. சோர்ஸ் பட்டியலுக்கு இணையாக ஷா256 அல்லது பி2 மதிப்புகள் இருக்கும். இறக்கிய கோப்பு அதோடு ஒத்துப்போகாவிட்டால் மேக்பிகேஜி நின்றுவிடும். இது எதைக் காக்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம். ஸ்கிரிப்ட் எழுதியவர் எந்தக் கோப்பை வைத்துக் கணக்கிட்டாரோ அதே கோப்புதான் உங்களுக்கும் வந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. அவரே கெட்ட கோப்பை வைத்திருந்தால் செக்சமும் கச்சிதமாக ஒத்துப்போகும். ‘ஸ்கிப்’ என்று போட்டிருந்தால் அந்தச் சோதனையும் இல்லை. பெயரின் முடிவில் ‘கிட்’ என்று வரும், எப்போதும் புத்தம்புதிய நிரலை இழுக்கும் தொகுப்புகளில் ஸ்கிப் இருப்பது இயல்பு. பதிப்பெண் உள்ள சாதாரண டார் கோப்புக்கு (மூலநிரலை ஒரே பொதியாக்கிய கோப்புக்கு) ஸ்கிப் போட்டிருந்தால் அது சோம்பேறித்தனம். அல்லது அதைவிட மோசமானது.

செக்சம் ஒத்துப்போகவில்லை என்று நின்றால் என்ன செய்வது? சோதனையைத் தவிர்க்கும் ஆப்ஷனைப் போட்டுக் கடந்துபோவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். நானும் போட்டிருக்கிறேன். ஒரு சின்ன எழுத்துருக் கருவிக்காக ராத்திரி ஒரு மணிக்குப் போட்டுவிட்டு, படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. எழுந்து பார்த்தால், மூல ஆசிரியர் அதே பதிப்பெண்ணில் கோப்பைத் திருத்தி மறுபடி ஏற்றியிருந்தார், விஷயம் அவ்வளவுதான். எப்போதும் அவ்வளவாகத்தான் இருக்கும் என்று நினைக்கக்கூடாது, எப்போதும் சதி என்று பதறவும் வேண்டாம். 2023 ஜனவரி கடைசியில் கிட்ஹப், தானாக உருவாக்கும் டார் கோப்புகளைச் சுருக்கும் முறையை மாற்றியது. உள்ளடக்கம் ஒன்றுதான், ஆனால் செக்சம் மாறிப்போய் உலகம் முழுக்கக் கட்டுமானங்கள் உடைந்தன. சீக்கிரமே பழைய முறைக்குத் திரும்பினார்கள். காரணம் தெரியும்வரை கட்டாமல் காத்திருந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

‘வேலிட்பிஜிபிகீஸ்’ என்ற பட்டியலும் இருந்தால் நல்லது. மூல ஆசிரியரின் கையொப்பத்தையும் மேக்பிகேஜி சரிபார்க்கும். அதில் இருக்கும் 40 இலக்கக் கைரேகையை ஆசிரியரின் தளத்தில் இருப்பதோடு ஒருமுறை ஒப்பிட வேண்டும். ஒப்பிடாமல் சாவியை இறக்கிக்கொள்வதில் பிரயோசனம் இல்லை.

பெயர் ‘பின்’ என்று முடிந்தால், யாரோ ஏற்கெனவே கட்டிய பைனரியை (கணினி நேராக ஓட்டும் கோப்பை) அப்படியே எடுத்து வைக்கிறது என்று பொருள். அதற்குள் என்ன இருக்கிறது என்று உங்களால் படிக்க முடியாது. மூல ஆசிரியரின் சொந்த வெளியீட்டுப் பக்கத்திலிருந்து வந்தால் சரி. வேறொருவர் கட்டித் தன் கணக்கில் வைத்திருப்பது என்றால் நான் தொடமாட்டேன்.

ஃபங்ஷன்களுக்குள்

ப்ரிப்பேர், பில்ட், செக், பேக்கேஜ் என்ற ஃபங்ஷன்களை அடுத்து வரிசையாகப் பாருங்கள். முதல் மூன்றும் வழக்கமாகச் சுவாரஸ்யமற்றவை: பேட்ச் போடுவது, கன்ஃபிகர், மேக் அல்லது சிமேக், சோதனைகள். சுவாரஸ்யமாக இருந்தால்தான் கவலை. வலையிலிருந்து இறக்கும் கர்ல், விகெட் எதுவும் இங்கே இருக்கக்கூடாது. இறக்க வேண்டியதெல்லாம் சோர்ஸ் பட்டியலில் அல்லவா இருக்க வேண்டும்? கர்லின் வெளியீட்டை நேராக பாஷுக்குள் குழாய் போட்டு ஊற்றும் வரி, பேஸ்64 என்ற குறியாக்கத்தை அவிழ்க்கும் வரி, உரையைக் கட்டளையாக ஓட்டும் ஈவல், பைத்தானுக்கு ஒரே வரியில் கொடுத்த நீளமான உளறல் இவற்றில் எதைக் கண்டாலும் மூடிவிடுங்கள். ஸ்கிரிப்டுக்குள் சுடோ இருந்தாலும் அதே தீர்ப்புதான்.

மேக்பிகேஜி ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கில், ஓட மறுக்கும். அதனால் கட்டும்போது ஆபத்து இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் உங்கள் எஸ்எஸ்எச் சாவி, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், வீட்டுப் புகைப்படங்கள் எல்லாம் யாருடைய அதிகாரத்தில் இருக்கின்றன? உங்களுடையதில். ஸ்கிரிப்ட் ஓடுவதும் அதே அதிகாரத்தில்தான்.

பேக்கேஜ் ஃபங்ஷனில் எந்தக் கோப்பும் ‘பிகேஜிடிர்’ என்ற மாறி காட்டும் கோப்புறைக்குள்தான் போக வேண்டும். நான் முதன்முதலாக எழுதிய பிகேஜிபில்டில் ஒரு வரியில் அந்த மாறியை விட்டுவிட்டேன். எழுத்துருவை நேராக யுஎஸ்ஆர் கோப்புறைக்குள் நகலெடுக்கும் வரி அது. நல்ல வேளை, அனுமதி மறுக்கப்பட்டது என்று கட்டுமானம் நின்றது. ரூட்டாக ஓட்டாதே என்று மேக்பிகேஜி அடம்பிடிப்பது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இந்த மாதிரிப் பிழை பெரும்பாலும் அனுபவக்குறைவு. ஆனால் ஹோம் கோப்புறைக்குள் எதையாவது எழுதும் வரியை அனுபவக்குறைவு என்று விட்டுவிட முடியாது.

இன்ஸ்டால் கோப்பு

பிகேஜிபில்டை வரிவரியாகப் படிக்கிறவர்கள்கூடப் பக்கத்திலேயே கிடக்கும் இந்தக் கோப்பைத் திறப்பதில்லை. இதுதான் இருப்பதிலேயே அதிகாரம் படைத்தது. பெயரின் முடிவில் ‘டாட் இன்ஸ்டால்’ என்று இருக்கும். போஸ்ட்இன்ஸ்டால், போஸ்ட்அப்கிரேட், ப்ரீரிமூவ் போன்ற ஃபங்ஷன்கள் உள்ளே இருக்கும். தொகுப்பை நிறுவும்போதும் நீக்கும்போதும் பேக்மேன் இவற்றை ரூட்டாக ஓட்டும். இங்கே உங்களிடம் தனியாக எந்தக் கேள்வியும் வராது. நிறுவச் சம்மதித்தபோதே இதற்கும் சம்மதித்துவிட்டீர்கள்.

நல்ல இன்ஸ்டால் கோப்பு சிறியது. ‘இந்தச் சேவையைத் தொடங்க இந்தக் கட்டளையைக் கொடுங்கள்’ என்று நாலு வரி அச்சிடும். சிலவற்றில் பழைய அமைப்புக் கோப்பை இடம் மாற்றுவார்கள். சேவையைத் தானாகவே எனேபிள் செய்வது ஆர்ச்சின் வழக்கம் இல்லை. அதைச் செய்கிற கோப்பைக் கண்டால் ஏன் என்று கேளுங்கள். வலையிலிருந்து எதையாவது இறக்கினால் கேள்வியே வேண்டாம்.

இன்ஸ்டால் கோப்பு இல்லாமலும் ரூட்டாக ஓட வழிகள் உண்டு. தொகுப்பு ஒரு பேக்மேன் ஹூக்கை வைத்துவிட்டுப் போகலாம்; அது பிறகு நீங்கள் வேறு எதையாவது நிறுவும்போதும் ரூட்டாக ஓடலாம். சுடோயர்ஸ் கோப்புறையில் (யாருக்குச் சுடோ அதிகாரம் என்று சொல்லும் இடத்தில்) ஒரு கோப்பு, செட்யுஐடி பிட் வைத்த (உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடும்) ஒரு பைனரி, சாதனம் செருகும்போது இயங்கும் யுடெவ் விதி என்றும் வரலாம். எல்லாவற்றுக்கும் நியாயமான காரணம் இருக்க முடியும். பிரிண்டர் டிரைவர் யுடெவ் விதி வைப்பது இயல்புதான். வால்பேப்பர் மாற்றும் கருவிக்கு எதற்கு?

கட்டுங்கள், ஆனால் உடனே நிறுவாதீர்கள்

கட்டி முடித்ததும் தானாகவே நிறுவும் ஆப்ஷனைப் போடாமல் மேக்பிகேஜியை ஓட்டுங்கள். ‘டார் டாட் இஸட்எஸ்டி’ என்று முடியும் ஒரு கோப்பு கிடைக்கும். பேக்மேனுக்கு கியூ, எல், பி ஆப்ஷன்களைச் சேர்த்துக் கொடுத்தால் அதற்குள் இருக்கும் கோப்புகளின் பட்டியல் வரும். எல்லுக்குப் பதில் ஐ கொடுத்தால், இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியும். மேலே சொன்ன ஹூக், சுடோயர்ஸ் எல்லாம் இந்தப் பட்டியலில் பளிச்சென்று தெரிந்துவிடும். ஸ்கிரிப்டைப் படித்ததில் தவறியதை இங்கே பிடித்த அனுபவம் எனக்கு உண்டு. நேம்கேப் என்ற கருவி விடுபட்ட சார்புகளையும் வழக்கமான பிழைகளையும் சொல்லும். அது தரம் பார்க்கும் கருவிதான். நச்சு இருந்தால் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்த தடவை வித்தியாசத்தை மட்டும்

முழுவதும் படிப்பது ஒரே தடவைதான். புதிய பதிப்பு வரும்போது கிட் ஃபெட்ச் செய்து (புதியதை இறக்கி), பழையதற்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். சாதாரணப் புதுப்பிப்பில் பதிப்பெண் மாறும், பிகேஜிரெல் (தொகுப்பின் வெளியீட்டு எண்) மாறும், செக்சம் மாறும், எஸ்ஆர்சிஇன்ஃபோவில் அவற்றின் நகல் மாறும். அவ்வளவுதான், பத்து வினாடி வேலை. சோர்ஸில் புது முகவரி, இதுவரை இல்லாத இன்ஸ்டால் கோப்பு, மாறிய பராமரிப்பாளர் இவற்றில் ஒன்று தட்டுப்பட்டால் மறுபடி முதலிலிருந்து உட்காருங்கள். அக்ரோரீட் விவகாரமும் வித்தியாசத்தில் ஒற்றை வரியாகத்தான் தெரிந்தது. பார்த்தவருக்குத் தெரிந்தது.

இதில் பிடிபடாதவை

2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இஸட் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசிய நுழைவழி) இருப்பதை வெளியிட்டார். எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதைத் துரத்திப் போய்க் கண்டுபிடித்தது அது. அதை இயக்கும் கொக்கி கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டு டார் கோப்பில் மட்டும் இருந்தது. அதாவது முகவரி சரி, செக்சம் சரி, ஸ்கிரிப்டில் குற்றமே இல்லை, மூலமே கெட்டிருந்தது. ஆர்ச்சின் அதிகாரபூர்வத் தொகுப்பிலும் அந்த டார் இருந்தது. ஆனால் ஆர்ச்சில் எஸ்எஸ்எச் சேவை நேரடியாக எக்ஸ்இஸட்டின் நிரல் நூலகத்தோடு இணைவதில்லை என்பதால், தெரிந்த தாக்குதல் வழி அங்கே வேலை செய்யவில்லை. இந்த மாதிரியானதை ஐந்து நிமிட வாசிப்பில் பிடிக்க முடியாது. என்பிஎம், கார்கோ போன்ற நிரல்மொழிக் கருவிகள் வழியாகக் கட்டும்போது இறங்கும் நூற்றுக்கணக்கான சார்புகளும் அதே கணக்கில்தான் வரும். அதனால்தான் அதிகாரபூர்வக் களஞ்சியத்தில் இருப்பதை ஏயூஆரிலிருந்து எடுக்கவே வேண்டாம் என்கிறேன்.

சந்தேகத்துக்கு உரியது கிடைத்தால், கட்டாமல் விட்டுவிட்டு, தொகுப்பின் பக்கத்தில் நீக்கக் கோரும் வசதியில் எந்தக் கோப்பில் எந்த வரி என்று குறிப்பிட்டு எழுதுங்கள். ‘இது வைரஸ்’ என்று மட்டும் எழுதினால், பார்க்கிறவர் உங்கள் வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். ஏற்கெனவே ஓட்டிவிட்டீர்கள் என்றால் முதலில் வலையைத் துண்டியுங்கள். பாஸ்வேர்டுகளையும் எஸ்எஸ்எச் சாவிகளையும் வேறு கணினியிலிருந்து மாற்றுங்கள். தொகுப்பை நீக்கினால் போதும் என்று நினைக்காதீர்கள். ரூட்டாக ஒருமுறை ஓடியது எதை எங்கே விட்டுவைத்தது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, ஆவணங்களை மட்டும் எடுத்துக்கொண்டு வட்டை அழித்து ஆர்ச்சை மறுபடி நிறுவுவது ஒரு சாயங்கால வேலை.